கருவிழிப் பதிவும் ஓர் எல்லைக்கோடும்

நியாயவிலைக் கடைகளில் கைரேகைக் கருவியோடு கருவிழிப் பதிவுக் கருவியும் வந்த பிறகு, கண் பரிசோதனைக்கு வரும் முதியவர்கள் என்னிடம் புதிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கருவியின் வெளிச்சம் பார்வையைக் கெடுத்துவிடுமா, கண்புரை அறுவை செய்துகொண்டால் ஆதாரில் கண் மாறிவிடுமா, இரண்டு பேருக்கு ஒரே மாதிரிக் கண் அமைந்துவிட்டால் அரிசி யாருக்குப் போகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். கண் மருத்துவமனையில் பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்யும் எனக்கு முதல் கேள்விக்கு உடனே விடை தெரிந்திருந்தது: கெடுக்காது. மற்றவற்றுக்காக இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது, கருவி ஒருவரை அடையாளம் கண்டுகொள்கிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் உண்மையில் நடப்பது என்ன என்பதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கருவி செய்வது ஓர் அளவீடு. அந்த அளவீட்டின் மீது கோட்டை எங்கே கிழிப்பது, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தவரை என்ன செய்வது என்பவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள்.

முதலில் கண்ணைப் பார்ப்போம். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் கண்மணி ஒரு துளை. அதன் வழியாகத்தான் ஒளி உள்ளே போகிறது. அந்தத் துளையைச் சுற்றியுள்ள நிற வளையம்தான் ஐரிஸ். பதிவுக் கருவிக்கு வேண்டியது அதுதான். அதற்கு முன்னால் கண்ணாடி போல் மூடியிருப்பது கார்னியா. ‘கருவிழி’ என்ற பெயர் பேச்சில் இரண்டுக்கும் வழங்குவதால், இனி ஐரிஸ் என்றே எழுதுகிறேன். அதன் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான். ஆனால் கண்ணைச் சோதிக்கும் நுண்ணோக்கியான ஸ்லிட் லாம்ப் வழியாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, நேரில் ஒரே பழுப்பாகத் தெரியும் நம் ஊர்க் கண்களில்கூட ஆரம் ஆரமாக ஓடும் இழைகளும், அவை பிரிந்து விலகிய இடங்களில் சிறு பள்ளங்களும், கண்மணி சுருங்கி விரிவதால் ஏற்பட்ட வளைய மடிப்புகளும், கண்மணிக்குச் சற்று வெளியே பின்னல் வேலைப்பாடு போன்ற ஒழுங்கற்ற ஒரு விளிம்பும் தெரியும். பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இந்த அமைப்பு கருப்பையிலேயே உருவாகிவிடுகிறது. கருவின் மூன்றாம் மாதத்தில் ஐரிஸ் தோன்றத் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் அதன் வேலைப்பாடு பெரும்பாலும் முடிந்துவிடும். நிறம் மட்டும் பிறந்த பிறகும் சிறிது காலம் மாறும். கண்ணின் நிறத்தையும் பொது அமைப்பையும் மரபணு தீர்மானிக்கிறது என்றாலும், எந்த இழை எங்கே பிரியும், எந்தப் பள்ளம் எங்கே விழும் என்பதெல்லாம் வளர்ச்சியின்போது நேரும் தற்செயல்களைப் பொறுத்தவை. அதனால்தான் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரின் ஐரிஸ்கள் வேறுபடுகின்றன. ஒரே மனிதரின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட, கணக்கிட்டுப் பார்த்தால், தொடர்பே இல்லாத இருவரின் கண்கள் அளவுக்கு வேறுபடுகின்றன. உடலுக்கு உள்ளே கார்னியாவின் பாதுகாப்பில் இருந்துகொண்டே வெளியிலிருந்து படமெடுக்கக் கூடியதாகவும் இருப்பது இதன் தனிச்சிறப்பு. விழித்திரையின் இரத்தக்குழாய் அமைப்பை வைத்தும் ஒருவரை அடையாளம் காணலாம். ஆனால் அதற்குக் கண்மணியின் வழியாகக் கண்ணின் பின்சுவர் வரை ஒளியைச் செலுத்த வேண்டும், பதிவு செய்துகொள்பவர் கருவியோடு கண்ணை ஒட்டிவைத்து அசையாமல் இருக்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ரேஷன் கடையிலும் ஆதார் மையத்திலும் விழித்திரையை யாரும் தொடுவதில்லை.

ஐரிஸை அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1936 இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஃப்ராங்க் பர்ச் முன்வைத்ததாகச் சொல்வார்கள். லியோனார்ட் ஃப்ளோம், ஆரன் சஃபீர் என்ற இரு கண் மருத்துவர்கள் 1987 இல் இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள்; ஆனால் அதைச் செய்து காட்டும் கணக்குமுறை அவர்களிடம் இல்லை. அதை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். 1993 இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் அடுத்த ஆண்டு அவருக்குக் கிடைத்த காப்புரிமையும்தான் இன்று உலகெங்கும் நடக்கும் ஐரிஸ் பதிவுகளின் மூல ஊற்று.

இனி, படம் எடுக்கும் இடத்துக்கு வருவோம். ‘ஸ்கேன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்ணுக்குள் லேசர் ஓடுகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். அங்கே லேசர் கிடையாது. இருப்பது ஒரு கேமராவும், அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியை மெல்லிதாக வீசும் சில எல்.இ.டி. விளக்குகளும்தான். அந்த ஒளியின் அலைநீளம் 700 முதல் 900 நானோமீட்டர் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒளியைத் தேர்ந்தெடுத்ததற்கு நம்மைப் போன்றவர்களே முக்கியக் காரணம். நம் கண்ணின் கரும்பழுப்பு நிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது. சாதாரண வெளிச்சத்தை மெலனின் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், சாதாரண கேமராவில் நம் ஐரிஸ் ஒரு கருந்திட்டாகவே பதியும். அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. அப்போது அடியிலுள்ள இழைகளும் பள்ளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. கருமையான கண்ணும் நீலக் கண்ணும் இந்த ஒளியில் ஏறக்குறைய ஒரே தரத்தில் படமாகும் என்பதால்தான் கரும்பழுப்புக் கண்கள் மிகுந்த ஒரு நாட்டில் இத்தனை கோடிப் பேருக்கு ஐரிஸ் பதிவு செய்ய முடிந்தது.

படம் கிடைத்ததும் மென்பொருள் இரண்டு எல்லைகளைத் தேடுகிறது: கண்மணிக்கும் ஐரிஸுக்கும் இடையிலான உள்வட்டம், ஐரிஸுக்கும் வெள்ளைவிழிக்கும் இடையிலான வெளிவட்டம். இமை மறைத்த பகுதியும், இமைமயிர் விழுந்த இடமும், விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளையாகத் தெரியும் இடமும் குறித்துவைக்கப்பட்டுக் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. கண்மணி வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். அதற்கேற்ப ஐரிஸும் இழுபட்டும் சுருங்கியும் நிற்கும். ஆகவே உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரையுள்ள தூரத்தை எப்போதும் 0 முதல் 1 வரை என்று வைத்துக்கொண்டு, வளையத்தை ஒரு நீள்சதுரப் பட்டையாக விரித்துக்கொள்கிறார்கள். டாக்மன் இதற்கு ரப்பர் தாள் மாதிரி என்று பெயரிட்டார். கண்மணி ஓரளவு பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே இழை பட்டையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

அடுத்து அந்தப் பட்டையின் பல இடங்களில் காபோர் அலைகள் எனப்படும் சிறிய கணித அலைகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒளியும் நிழலும் மாறும் விதம் அந்த அலையின் எந்தக் கால்வட்டத்தில், அதாவது ஒரு முழுச் சுழற்சியை நான்காகப் பிரித்ததில் எந்தப் பகுதியில், விழுகிறது என்பது மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நான்கு கால்வட்டங்கள் என்பதால் இரண்டு பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற இரண்டு குறிகள், போதும். 1,024 இடங்களுக்கு இரண்டிரண்டாக மொத்தம் 2,048 பிட்கள், அதாவது 256 பைட்கள். படம் எவ்வளவு பிரகாசமாக இருந்தது, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருந்தது என்பவையெல்லாம் வேண்டுமென்றே கைவிடப்படுகின்றன; அவை விளக்கையும் கேமராவையும் பொறுத்தவை, கண்ணைப் பொறுத்தவை அல்ல. இந்த 256 பைட்களோடு, எந்தெந்த பிட்களை நம்பக் கூடாது என்று சொல்லும் முகமூடிப் பிட்களும் சேர்ந்ததுதான் ஐரிஸ் குறியீடு. இதன் எளிமை எனக்குப் பெருவியப்பைத் தந்தது. சில குறுஞ்செய்திகளுக்கு வேண்டிய இடத்தில் ஒரு மனிதக் கண் அடங்கிவிடுகிறது.

ஒப்பிடுவது அதைவிட எளிது. இரண்டு குறியீடுகளை அருகருகே வைத்து, எத்தனை பிட்கள் மாறுபடுகின்றன என்று எண்ணி, ஒப்பிட்ட மொத்தப் பிட்களால் வகுத்தால் ஹாமிங் தூரம் கிடைக்கும். எல்லாம் ஒத்துப்போனால் தூரம் 0. எல்லாம் மாறினால் 1. தலை சற்றுச் சாய்ந்திருந்தால் பட்டை பக்கவாட்டில் நகர்ந்திருக்கும் என்பதால், குறியீட்டைச் சில இடங்கள் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துக் கிடைக்கும் மிகக் குறைந்த தூரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கணினிக்கு இது மிக இலேசான வேலை என்பதால், சாதாரணக் கணினிகூட நொடிக்குப் பல இலட்சம் ஒப்பீடுகளைச் செய்துவிடும்.

டாக்மனின் சிந்தனையில் என்னை மிகவும் கவர்ந்தது இதற்கு அடுத்த படி. தொடர்பில்லாத இரண்டு கண்களின் பிட்களை ஒப்பிட்டால், ஒவ்வொரு பிட்டும் ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்போ மாறிப்போகவும் அவ்வளவு வாய்ப்பு. எனவே தூரம் 0.5 ஐ ஒட்டியே விழும். ஆனால் அருகருகே உள்ள பிட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஓர் இழை பல பிட்களைப் பாதிக்கும். ஏராளமான கண்களை ஒப்பிட்டு டாக்மன் கண்டது, 2,048 பிட்களிலும் உண்மையில் ஒன்றையொன்று சாராத செய்தி 249 அளவுக்கு இருக்கிறது என்பது. அதாவது, வெவ்வேறு கண்களை ஒப்பிடுவது ஒரு நாணயத்தை 249 முறை சுண்டிவிட்டுத் தலைகளை எண்ணுவதற்குச் சமம். 249 முறை சுண்டினால் தலை பெரும்பாலும் 125 ஐ ஒட்டியே விழும். 80 க்கும் கீழே விழுவது மிக மிக அரிது. ஆகவே இரண்டு குறியீடுகளுக்கு இடையிலான தூரம் 0.3 க்குக் கீழே வந்தால், அது தற்செயலாக நேர்ந்திருக்க ஏறக்குறைய வழியே இல்லை, இவை ஒரே கண்ணிலிருந்து வந்தவை என்று முடிவு கட்டலாம். வேறு கண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு ஒத்துப்போயிருக்குமா என்று கேட்டு, ‘இருக்காது’ என்ற விடையின் வழியாக அந்த முறை முடிவுக்கு வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2001 முதல், நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்ப வருகிறார்களா என்று எல்லையில் சரிபார்க்க ஐரிஸ் முறை பயன்பட்டது. அங்கே சேர்ந்த 6,32,500 ஐரிஸ் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 20,000 கோடி ஒப்பீடுகளின் முடிவுகளை 2006 இல் டாக்மன் வெளியிட்டார். நாணயக் கணக்கு அங்கும் பொருந்தி நின்றது.

கோட்டை எங்கே கிழிப்பது, அதாவது தூரம் எவ்வளவுக்குக் கீழே வந்தால் ஒரே கண் என்று கொள்வது என்பதற்கு டாக்மன் தந்த அட்டவணையை எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லையை 0.35 இல் வைத்தால், வேறு ஒருவரின் கண் தவறுதலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 1,33,000 இல் ஒன்று. 0.33 இல் வைத்தால் 40 இலட்சத்தில் ஒன்று. 0.32 இல் வைத்தால் 2.6 கோடியில் ஒன்று. 0.28 க்கு இறக்கினால் 10,000 கோடியில் ஒன்று. நூறில் ஒரு பங்கு நகர்த்தினாலே வாய்ப்பு ஏழெட்டு மடங்கு மாறிவிடுகிறது. அப்படியானால் எப்போதும் மிகக் கடுமையாகக் கீழே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரே கண்ணை இருமுறை படமெடுத்தாலும் தூரம் 0 ஆக வருவதில்லை. நல்ல கேமராவில், அசையாமல், கண்ணை அகல விழித்தால் 0.1 ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ வரும். மங்கலான படம், பாதி மூடிய இமை, வெயிலில் சுருங்கிய கண்மணி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது அது 0.2, 0.3 என்று ஏறும். கோட்டைக் கீழே இறக்க இறக்க ஆள்மாறாட்டம் குறையும், ஆனால் உரியவரே நிராகரிக்கப்படுவது கூடும். மேலே ஏற்றினால் இதற்கு நேர்மாறு. இரண்டு தவறுகளையும் ஒரே நேரத்தில் ஒழிக்கும் கோடு எந்த முறையிலும் கிடையாது.

ஆதாரின் கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. ஆதார் எண்ணை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையம் 2009 இல் அமைக்கப்பட்டு, 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்ப்ளி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. இதுவரை வழங்கப்பட்ட எண்கள் 130 கோடிக்கும் மேல். புதிதாக ஒருவர் பதிவு செய்யும்போது, அவர் முன்பே வேறு பெயரில் பதிவு செய்தவரா என்று பார்க்க, அவருடைய பதிவை ஏற்கெனவே இருக்கும் எல்லாரோடும் ஒப்பிட வேண்டும். பத்து இலட்சத்தில் ஒரு முறை மட்டுமே தவறும் ஓர் அடையாளம் கேட்பதற்கு அருமையாக இருக்கும். ஆனால் 130 கோடிப் பேரோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு புதியவருக்கும் 1,300 போலிப் பொருத்தங்கள் வந்து நிற்கும். ஐரிஸுக்கான எல்லையை 0.33 இல் வைத்தாலும் ஒரு கண்ணுக்கு 300 க்கும் மேல் வரும். எல்லையை 0.28 வரை இறக்கினால்தான் போலிப் பொருத்தம் நூறு பேருக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வரும். அத்துடன் இரண்டாம் கண்ணையும் பத்து விரல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆணையத்தின் மென்பொருள்கள் அப்படியே டாக்மனின் எண்களைப் பின்பற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. எந்த முறையாக இருந்தாலும் கணக்கின் போக்கு இதுதான். இவ்வளவு பெரிய மக்கள்தொகையில் விரல்களையோ முகத்தையோ மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் ஐரிஸ் சேர்க்கப்பட்டது.

ரேஷன் கடையில் நடப்பது முற்றிலும் வேறு வேலை. அங்கே அட்டைதாரர் தன் எண்ணை முன்வைக்கிறார். கருவி அந்த ஒரே எண்ணுக்குரிய பதிவோடு மட்டும் ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடையைப் பெறுகிறது. ஒரே ஓர் ஒப்பீட்டுக்கு இலட்சத்தில் ஒன்று என்ற அளவே தாராளமாகப் போதும். ஆகவே இங்கே கோடு தளர்வாக இருக்கலாம், இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லை எங்கே என்பதைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்: ஒரே கருவியின் தவறு, இடத்துக்கு இடம் வேறு வேறு ஆட்களைத் தாக்குகிறது. 2002 இல் பாகிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பிய அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் ஐரிஸ் சோதனையைத் தொடங்கியது. ஒருவரே இருமுறை உதவித்தொகை பெறாமல் தடுப்பது நோக்கம். அங்கே ‘பொருந்துகிறது’ என்று கருவி தவறாகச் சொன்னால், முதல்முறை வந்த அகதிகூட வெறுங்கையோடு போவார். ரேஷன் கடையிலோ ‘பொருந்தவில்லை’ என்று தவறாகச் சொன்னால்தான் வீட்டில் உலை கொதிக்காது. முதல் இடத்தில் இறுக்கமும் இரண்டாம் இடத்தில் தளர்வும் நியாயம்.

கைரேகையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ரேகை முறை பிறந்ததும் வளர்ந்ததும் பெருமளவு இந்தியாவில்தான். 1858 இல் வங்கத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஆவணத்தில் வாங்கினார். 1892 இல் ஃப்ரான்சிஸ் கால்டன் ரேகைகளின் நுண்புள்ளிகளை விளக்கி நூல் எழுதினார். 1897 இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்தது. ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளிலிருந்து ஒன்றைத் தேடியெடுக்கும் வகைப்பாட்டின் கணிதத்தை அங்கே உழைத்து உருவாக்கியவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். உலகம் அதை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைக்கிறது. அந்த இருவர் பெயரும் நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும்.

ரேகைக் கருவி, தோலின் மேடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற நுண்புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளின் இடத்தையும் திசையையும் பழைய பதிவோடு பொருத்துகிறது. மேடுகள் தேய்ந்தால் குறிக்க ஒன்றும் இருக்காது. கண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மா, கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர், தன் ஊர்க் கடையில் நடந்ததைச் சொன்னார். “தம்பி, சுண்ணாம்புலயும் சிமெண்டுலயும் கெடந்த கை. இதுல ரேகை எங்கிட்டு இருக்கும்?” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வழவழப்பாக இருந்தன. “கண்ணைக் காட்டிப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டேன். “அதையுந்தான் காட்டுனேன். நல்லா முழிச்சுப் பாருன்னாக, முழிச்சேன். அதுவும் வரலைன்னுட்டாக” என்றார். ஸ்லிட் லாம்பில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவைக்குப் பிறகு வந்த அழற்சியில் ஐரிஸின் உள்விளிம்பு ஒரு பக்கம் உள்ளே பொருத்திய லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, கண்மணி வட்டம் குலைந்து ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. ஆதார் பதிவு அறுவைக்கு முந்தையது. மற்றக் கண்ணில் கார்னியாவில் பூ விழுந்திருந்தது. உழைப்பு விரலையும் முதுமை கண்ணையும் எடுத்துக்கொண்ட பிறகு, அதே உழைப்புக்கும் முதுமைக்கும் உரிய அரிசியை வாங்க அந்த விரலையும் கண்ணையுமே சான்றாகக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐரிஸ் வாழ்நாள் முழுதும் மாறாது என்று பொதுவாகச் சொல்வது சரிதான், சில நிபந்தனைகளோடு. சிக்கலில்லாத கண்புரை அறுவை பெரும்பாலானவர்களின் ஐரிஸ் அமைப்பைக் குலைப்பதில்லை. சிலருக்கு மட்டும் கண்மணியின் வடிவம் மாறி, பழைய பதிவோடு பொருந்தாமல் போகிறது. ஐரிஸ் அழற்சியும் கண்ணில் பட்ட காயமும் இதைவிட அதிகம் மாற்றும். கார்னியாவில் வெண்தழும்பு இருந்தால் பின்னாலுள்ள ஐரிஸ் மறையும். கண் தன்னாலே ஆடிக்கொண்டிருக்கும் நோயுள்ளவர்களால் கேமராவின் முன் நிலையாக நிற்க முடியாது. பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களும் உண்டு. இத்தகையவர்களை விலக்காகக் குறித்துப் பதிவு செய்ய ஆதாரில் வழி இருக்கிறது. அது இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. நோயே இல்லாத கண்ணிலும் காலம் ஏதாவது மாற்றுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல், இடைவெளி கூடக் கூட நிராகரிப்பும் கூடுகிறது என்றார்கள். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2013 இல், பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, அப்படிப் பெரிய மாற்றம் இல்லை என்றது. வயதாக வயதாகக் கண்மணி சிறுத்துப் போவதை நான் அன்றாடம் பார்ப்பதால், அதன் பங்கு இதில் கொஞ்சமாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

முகத்தை வைத்து அடையாளம் காணும் முறை இப்போது வேகமாகப் பரவிவருகிறது. தொடாமல், தூரத்திலிருந்து, ஒருவருக்குத் தெரியாமல்கூடச் செய்யலாம் என்பதே அதன் வசதியும் ஆபத்தும். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளுத்த நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறியபோது, கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறின. ஆளை அடையாளம் காண்பது அதனின்றும் வேறான வேலை என்றாலும், பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் யார் அதிகம் இருந்தார்களோ அவர்களையே இயந்திரம் நன்றாக அறிகிறதோ என்ற ஐயத்தை அந்த எண்கள் வலுவாக எழுப்பின. நம் நிறத்தில் உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஏமாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2002 இல் ஜப்பானில் சுதோமு மட்சுமோட்டோவின் குழு, ஜெலட்டினில் செய்த விரல்களால் பல கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியது. 2017 இல் ஜெர்மனியின் ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைப்பேசியின் ஐரிஸ் பூட்டைத் திறந்து காட்டியது. கேமராவின் இரவுப் பயன்முறையில் எடுத்த படத்தை அச்சிட்டு, அதன் மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்தது, அவ்வளவுதான். கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பது போன்ற உயிர்ச் சோதனைகள் இத்தகைய ஏமாற்றுகளைத் தடுக்கப் பயன்படுகின்றன; எல்லாக் கருவியிலும் அவை ஒரே தரத்தில் இருப்பதில்லை. சேமித்த இடத்திலிருந்து திருடுபோவது இன்னும் கொடியது. 2015 இல் அமெரிக்க அரசுப் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் கைரேகைகள் திருடுபோயின. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டே கண்களும் பத்தே விரல்களும் உள்ள ஒருவர் எதை மாற்றுவார்? ஆகவே எங்கே சேமிக்கிறார்கள், யார் கேட்டால் தருகிறார்கள் என்பது கோடு கிழிப்பதைப் போலவே அரசியல் கேள்வி. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதாரைச் செல்லும் என்று சொன்னபோதும், தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிவகுத்த பகுதியை நீக்கியது. நலத்திட்டத்துக்கு உரியவர் அடையாளச் சோதனை தவறியதால் விலக்கப்படக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே, ரேகையும் ஐரிஸும் பொருந்தாதவர்களுக்கு மாற்று வழியில் பொருள் வழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. விதி இருக்கிறது, வரிசையின் முனையில் நிற்பவரிடம் அதைச் சொல்ல யாராவது வேண்டும்.

அந்த அம்மாவுக்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண் வழியாகவோ, அட்டையிலுள்ள வேறு குடும்ப உறுப்பினர் வழியாகவோ பொருள் பெற முடியுமா என்று கடையில் கேட்கச் சொன்னேன். கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடமும் இப்போது சிலவற்றைத் தவறாமல் சொல்லிவிடுகிறேன். அழற்சி முழுமையாக அடங்கி மருத்துவர் சொன்ன பிறகு, ஆதார் மையத்தில் இரு கண்களையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கண்ணை விரியவைக்கும் சொட்டு மருந்து விட்ட அன்று போகாதீர்கள். கண்மணி அளவுமீறி விரிந்தால் ஐரிஸ் ஓரத்துக்கு ஒதுங்கி, பதிவு கெட்டுவிடும். கண்ணாடியைக் கழற்றுங்கள், வெயில் நேராகப் படாத இடத்தில் உட்காருங்கள், இமையை நன்றாகத் தூக்குங்கள். முதல் படம் சரியாக வராவிட்டால் இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.